டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்: எதைத் திருத்துவது?

கேள்வி சுருக்கமாக இது. அப்பா பட்டாளத்தில், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் 1972இல் சேர்ந்து 1993இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். டிஸ்சார்ஜ் புக்கில் அவர் பெயர் ‘முருகேசன்’. பட்டாளத்து பென்ஷனுக்கான கணினி அமைப்பான ஸ்பர்ஷில் ‘முர்கேசன்’. ஆதாரில் ‘கே. முருகேசன்’. அம்மா பெயர் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் ‘செல்லம்மாள்’, ஆதாரில் ‘செல்லம்’. கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பேப்பரில் விளம்பரம் கொடுத்து கெஜட்டில் (அரசிதழில்) போட்டால்தான் சரியாகும் என்று சொல்லி ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், தம்பி. உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று. மூன்றும் வேறு வேறு இடத்தில் பிறந்தவை. அதில் ஒன்றுக்குக்கூட இப்போதைக்கு கெஜட் தேவைப்படாது.

நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். யூனிட் ஆபீஸில் உட்கார்ந்து இந்தப் பெயர்களை எல்லாம் எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. அதனால் தப்பு எப்படி நடக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது தெரியாமல் திருத்தப் போனால் சரியாக இருக்கும் காகிதத்தைக் கெடுத்துவிட்டு வருவோம்.

ஆள் எடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையன், உயரம் பார்த்து, மார்பு அளந்து, ஓடவிட்டு, டாக்டர் பார்த்து முடித்து வரிசையில் நிற்கிறான். மேஜைக்குப் பின்னால் இருக்கும் கிளார்க் வடக்கத்திக்காரர். ‘நாம்?’ என்று இந்தியில் பெயரைக் கேட்கிறார். பையன் ஊர்ப் பழக்கத்தில் ‘கே. முருகேசன்’ என்கிறான். அந்த ‘கே’ என்னவென்று அவருக்குப் புரியாது, புரியவும் தேவையில்லை. படிவத்தில் ‘பெயர்’ என்று ஒரு கட்டம், ‘தகப்பனார் பெயர்’ என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் முருகேசன், இரண்டாவதில் அப்பா பெயர். இனிஷியல் அங்கேயே கழன்று விழுந்துவிடுகிறது. பள்ளிச் சான்றிதழ் கையில் இருந்தால் எழுத்து சரியாக வரும். இல்லையென்றால் காதில் விழுந்தபடிதான். பழனிக்கு வரும் ழகரத்தை ஒருவர் ‘எல்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘இசட் எச்’ போடுவார். சுப்பிரமணியன் சுப்ரமணியாகிவிடுவார், குப்புசாமி ‘குப்புஸ்வாமி’ ஆகிவிடுவார். இருபது வருடம் ரோல் காலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் ஆளே அதற்குப் பழகிப்போவார்.

அப்படி எழுதிய பெயர் ஷீட் ரோலில் ஏறும். சர்வீஸ் ஆவணங்களில் தாய்வேர் இதுதான். ஆள் எந்த யூனிட்டுக்குப் போனாலும், கடைசியில் அது போய்ச் சேரும் இடம் அவருடைய ரெஜிமென்ட்டின் அல்லது கோரின் ரெக்கார்ட் ஆபீஸ். உங்கள் அப்பாவுக்கு அது பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. எனும் மின், இயந்திரப் பொறியாளர் படை என்றால் செகந்திராபாத். டிஸ்சார்ஜ் புக் என்பது அந்தத் தாய் ஆவணத்திலிருந்து எடுத்துக் கையில் கொடுத்த சுருக்கம்தான். பி.பி.ஓ. என்பது ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய விவரத்தை வைத்து அலகாபாத்தில், இப்போதைய பிரயாக்ராஜில், இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் போட்ட ஆணை. பழைய ஆட்கள் ‘கேஸ் அலகாபாத்துக்குப் போயிருக்கு’ என்று சொல்வது இதைத்தான். ஸ்பர்ஷ் நேற்று வந்தது. வங்கிகள் வழியாகப் போய்க்கொண்டிருந்த லட்சக்கணக்கான பழைய பென்ஷன்களை ஒரே கணினி அமைப்புக்குள் கொண்டுவந்தபோது சேர்ந்த விவரங்கள் அதில் இருக்கின்றன.

ஆக, ஷீட் ரோல், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஸ்பர்ஷ் என்று நாலு படி. எந்தப் படியில் தப்பு விழுந்தது என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல்படி சரியாக இருந்தால் அதுவே உங்களுக்கு ஆதாரம். பிரமாணப் பத்திரம் கூடத் தேவைப்படாது. தாய்வேரிலேயே தப்பு என்றால்தான் வேலை நீளும்.

முதல் பிரச்சினை, ஸ்பர்ஷில் ‘முர்கேசன்’. டிஸ்சார்ஜ் புக்கில் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். அப்பாவிடம் இருக்கும் பழைய பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள். அதிலும் சரியாக இருந்தால், இது தட்டச்சுப் பிழை, ஒரு ‘யு’ விழவில்லை, அவ்வளவுதான். ஸ்பர்ஷில் அப்பாவின் கணக்கிலேயே விவரம் திருத்தக் கோரிக்கை போட்டு, பி.பி.ஓ. நகலையும் டிஸ்சார்ஜ் புக்கின் பெயர் இருக்கும் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள். கோரிக்கை சரிபார்ப்புக்கு ரெக்கார்ட் ஆபீஸ் வரை போய்த் திரும்பும். கணினி கைவராது என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கோ அப்பாவை அழைத்துப் போங்கள். ஜில்லா சைனிக் போர்டு என்று அப்பா சொல்வது அந்த நல அலுவலகத்தைத்தான்.

பி.பி.ஓ.விலேயே ‘யு’ இல்லை என்றால் திருத்த பி.பி.ஓ. வாங்க வேண்டும். ‘காரிஜெண்டம்’ என்பார்கள். அதற்கு ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். அலகாபாத்துக்கு நேரடியாக எழுதி ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெக்கார்ட் ஆபீஸ் கேட்காமல் அவர்கள் பெயரைத் தொட மாட்டார்கள்.

இரண்டாவது, இனிஷியல். ஒருவர் பெயரை எப்படி எழுதுவது என்பதில் நம் ஊர் வழக்கத்துக்கும் அரசுப் படிவங்களுக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை. பட்டாளத்தில் பெயர் தனி, தகப்பன் பெயர் தனி. பான் கார்டில் இனிஷியலை ஏற்கவே மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் தாத்தாவின் பெயர் அப்பாவுக்குக் குடும்பப் பெயராகிவிடும். ஆதாரில் அன்றைக்கு ஆபரேட்டரிடம் என்ன சொன்னோமோ அது. ஒரே மனிதருக்கு மூன்று பெயர் வந்து நிற்பதற்கு யாரும் தப்பு செய்திருக்கத் தேவையில்லை.

இந்த விஷயத்தில் என் கருத்து உறுதியானது: இனிஷியலுக்காக சர்வீஸ் ரெக்கார்டைத் தொடாதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கில் தாத்தா பெயர் தனியாக இருக்கிறது, ‘கே’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியும். பெரும்பாலும் இதை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். கணினி ஒப்பிட்டுப் பார்த்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பினால், ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் சேவை மையத்தில் ஒரு நாள் வேலை. ஒன்றைக் கவனியுங்கள்: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். மாற்றும் முன் பான் கார்டையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பர்ஷுக்காக ஆதாரை மாற்றி, அதனால் பான் கார்டோடு முரண்பட்டு, அப்புறம் அதற்கு அலைந்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.

பட்டாளத்துக்கு ஆள் என்றால் நம்பர்தான். அப்பாவின் ஆர்மி நம்பரும் கடைசியில் வரும் அந்த ஒற்றை எழுத்தும் சரியாக இருக்கும்வரை அவரை யாரும் தொலைத்துவிட முடியாது. அவரது பதக்கங்களை எடுத்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் என்ற வரிசையில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். பெயருக்கு அங்கேயும் கடைசி இடம்தான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி அதே வரிசையில் இருக்கட்டும். நம்பர் இல்லாத கடிதம் ரெக்கார்ட் ஆபீஸில் அநாதை.

மூன்றாவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. அம்மாவின் பெயர்.

அப்பாவின் பெயரில் இருக்கும் பிழை அவர் இருக்கும்வரை பெரிதாக எதையும் நிறுத்தாது. அவர் நேரில் போய் நின்றால் நம்பரும் அடையாளமும் பேசும். அம்மாவின் பெயர் அப்படியில்லை. அவர் பெயர் யாருக்கும் தேவைப்படாமலேயே முப்பது வருடம் பி.பி.ஓ.வில் தூங்கும். தேவைப்படும் நாளில், அது சரி என்று சொல்ல வேண்டியவர் போயிருப்பார்.

‘செல்லம்மாள்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அப்பாவுக்குக் கல்யாணம் 1978 என்று வைத்துக்கொள்வோம். லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியவர் கையில் கிராம முன்சீப் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லாம் 1980க்குப் பிறகு வந்தவர்கள். அந்தத் தமிழ்ச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒரு கிளார்க் முன்னால் வந்து நிற்பார். தமிழ் தெரிந்த கிளார்க் என்றால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அவரே வாயால் சொல்வார். ‘செல்லம்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, ‘செல்லம்மாள்’ என்று மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை, சுற்றிலும் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன்: வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னவர்கள் உண்டு, ஜாதகப் பெயரைச் சொன்னவர்கள் உண்டு, பெண்ணின் பெயரை அப்போதுதான் யோசித்துச் சொன்னவர்களும் உண்டு.

கிளார்க் அதை வைத்து பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவை அடிப்பார். இன்ன தேதியில் திருமணம், மனைவி பெயர் இன்னது, பிறந்த தேதி இன்னது என்று. ரெக்கார்ட் ஆபீஸில் ஷீட் ரோலின் குடும்ப விவரப் பக்கத்தில் அது ஒரு வரியாக ஏறும். வரியின் ஓரத்தில் பார்ட் டூ ஆர்டரின் நம்பரும் வருடமும், பக்கத்தில் ஒரு அதிகாரியின் சின்னக் கையெழுத்து. அந்த ஒற்றை வரிதான் பின்னாளில் குடும்ப ஓய்வூதியம். 1980களுக்கு முன் போட்ட பி.பி.ஓ.க்கள் பலவற்றில் மனைவி பெயரே இருக்காது. அந்தக் குடும்பங்கள் முதலில் பெயரைச் சேர்க்கவே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் அப்பா 1993இல் வந்தவர் என்பதால் பெயர் இருக்கிறது. அந்த மட்டில் நல்லது.

எதை மாற்றுவது என்பதற்கு நான் சொல்லும் வழி: எண்ணிப் பாருங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பெரும்பாலானவற்றில் ‘செல்லம்மாள்’ இருந்து ஆதாரில் மட்டும் ‘செல்லம்’ என்றால், ஆதாரை மாற்றுங்கள், கதை முடிந்தது. எல்லாவற்றிலும் ‘செல்லம்’, பட்டாளத்தில் மட்டும் ‘செல்லம்மாள்’ என்றால், சர்வீஸ் ரெக்கார்டைத் திருத்துங்கள். பத்து காகிதத்தை ஒன்றுக்காக மாற்றுவது முட்டாள்தனம்.

ரெக்கார்டைத் திருத்துவது என்று முடிவானால், விண்ணப்பம் ரெக்கார்ட் ஆபீஸின் பொறுப்பு அதிகாரிக்கு, அப்பாவின் கையெழுத்தோடு போக வேண்டும். உங்கள் கையெழுத்தோடு இல்லை. கூடவே பிரமாணப் பத்திரம்: ‘செல்லம், செல்லம்மாள் என்ற இரு பெயர்களும் என் மனைவியான ஒரே நபரையே குறிக்கும், அவரைத் தவிர எனக்கு வேறு மனைவி கிடையாது’ என்ற பொருளில். நோட்டரி போதும் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார். ரெக்கார்ட் ஆபீஸ்கள் பெரும்பாலும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் எடுத்ததைத்தான் கேட்கும். ஒரு தடவை அலைந்தாலும் அதையே எடுத்துவிடுங்கள். இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. நகல், இருவரின் ஆதார், பென்ஷன் வரும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாவற்றையும் நல அலுவலகத்தில் மேலொப்பம் வாங்கி, அவர்கள் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். நேரடியாக அனுப்புவதைவிட அந்த முத்திரைக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவு எதற்கு, ஒரு ‘மாள்’ தானே என்று தோன்றும். ரெக்கார்ட் ஆபீஸ் பயப்படுவது எழுத்துப் பிழைக்காக இல்லை. பெயரைத் திருத்துகிறேன் என்று சொல்லி ஆளையே மாற்றும் வேலை நடந்திருக்கிறது. முதல் மனைவி ஊரில், இரண்டாவது வேறிடத்தில். முதல் மனைவியின் பெயரைச் ‘சரிசெய்து’ இரண்டாமவரின் பெயராக்கப் பார்த்த கேஸ்கள் எந்த ரெக்கார்ட் ஆபீஸிலும் இருக்கும். ‘செல்லம்மாள்’ என்பதை ‘செல்லம்’ ஆக்குவதற்கும் ‘செல்லம்மாள்’ என்பதைச் ‘சாந்தி’ ஆக்குவதற்கும் அதனால்தான் வேறு வேறு அளவுகோல். ஓசையில் ஒட்டாத பெயர் மாற்றத்துக்குத்தான் இரண்டு பத்திரிகை விளம்பரமும் கெஜட்டும் கேட்பார்கள். அப்படியொரு நிலை வந்தால், நம் மாநில கெஜட்டுக்கு எழுதுபொருள் அச்சுத் துறையிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை.

கணவர் போன பிறகு நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு அம்மாள். கணவர் நாயக் ரேங்கில் இருந்தவர். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் ‘பாப்பா’. மற்ற எல்லாக் காகிதத்திலும் சரஸ்வதி. கணவர் இறந்து, அந்த அம்மாள் குடும்ப ஓய்வூதியத்துக்குப் போனபோது ஒரு அலுவலகத்தில் ‘பாப்பாவைக் கூட்டி வாருங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். கேலியாக இல்லை, நிஜமாகவே. அந்த அம்மாள் மூன்று முறை ‘நான்தான் பாப்பா’ என்றிருக்கிறார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இரு பெயரும் ஒருவரே என்று வருவாய்த் துறையில் வாங்கிய சான்று, பிரமாணப் பத்திரம், கணவரோடு எடுத்த பழைய ஸ்டூடியோ படம் என்று எல்லாம் சேர்ந்து பென்ஷன் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நிலுவையோடு வந்தது, அது வேறு. அந்த ஒரு வருடம் அவர் தம்பி வீட்டில் இருந்தார். கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அதனால்தான் சொல்கிறேன், அப்பாவின் இனிஷியல் காத்திருக்கும், அம்மாவின் பெயரை இந்த மாதமே ஆரம்பியுங்கள். அதைச் செய்யும்போதே அம்மாவின் பிறந்த தேதி பி.பி.ஓ.விலும் ஸ்பர்ஷிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷனருக்கும் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கும் 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40 என்று ஏறும். பிறந்த தேதி காலியாக இருந்தால் அந்த உயர்வு தானாக வராது.

அப்பாவின் பிறந்த தேதியில் ஏதாவது வித்தியாசம் இருந்தாலும் அதை இந்தக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். பெயர்த் திருத்தத்துக்கு இரங்கும் ஆபீஸ், பிறந்த தேதிக்கு இரங்காது. தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங், தாம் பிறந்தது 1951, 1950 அல்ல என்று 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போய், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தார். அவருக்கே அப்படி என்றால் ஓய்வு பெற்ற ஹவில்தாருக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆதாரை சர்வீஸ் ரெக்கார்டுக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று பார்ப்பதே வழி.

ஷீட் ரோலில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு, ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு அப்பா பெயரில் ஒரு மனு: ‘என் ஷீட் ரோலின் பெயர்ப் பக்கம், குடும்ப விவரப் பக்கம், திருமணத்துக்கான பார்ட் டூ ஆர்டர் ஆகியவற்றின் நகல் வேண்டும்.’ 30 நாளில் பதில் வர வேண்டும். நான் யாருக்கு உதவினாலும் முதலில் செய்வது இதுதான். பாதிப் பேருக்கு நகல் வந்தவுடனே பிரச்சினை முடிந்துவிடும், தாய் ஆவணத்தில் பெயர் சரியாகவே இருக்கும். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் குடும்பத்தார் மட்டும் கவனிக்க: அவர்களுடைய ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. லாங் ரோல் என்ற பேரேட்டில் ஓரிரு வரிதான் மிஞ்சும்.

ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தியதும் உங்களுக்கு ஒரு கடிதம் வரும், அதன்பின் திருத்த பி.பி.ஓ. வரும். அது கைக்கு வந்த பிறகுதான் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை, கேன்டீன் கார்டு, கூட்டு வங்கிக் கணக்கு எல்லாம். முன்கூட்டியே கேன்டீன் கார்டில் பெயரை மாற்றப் போகாதீர்கள், அவர்கள் பி.பி.ஓ.வைத்தான் கேட்பார்கள். பதிலே வராவிட்டால் நினைவூட்டல், அதன்பின் கணக்குத் துறை அவ்வப்போது நடத்தும் பென்ஷன் அதாலத் என்ற குறைதீர் முகாம். எழுத்தில் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. உங்கள் விஷயம் அதுவரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ.வையும் பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் லேமினேட் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். திருத்தத்தை அதிலேயே எழுதி முத்திரை வைக்க வேண்டி வரும்போது பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. ஏற்கெனவே செய்திருந்தால் பிரிக்கப் பார்க்காதீர்கள், பழைய காகிதம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். அப்படியே எடுத்துக்கொண்டு நல அலுவலகத்துக்குப் போங்கள், அவர்கள் இதற்கு முன் நூறு பார்த்திருப்பார்கள்.